துறைகளை வெளியிலிருந்து சோதித்தல்

இணையத்தோடு இணைந்த கணினி ஒரே வேளையில் பல பணிகளைச் செய்கின்றது. வந்துசேரும் செய்தி எப்பணிக்குரியது என்று பிரித்தறிய, ஒவ்வொரு பணிக்கும் ஓர் எண் உண்டு. ஆங்கிலத்தில் போர்ட் எனப்படும் இதனை நாம் துறை எனலாம். கலம் வந்து சேருமிடம் துறையாதலின், செய்தி வந்து சேருமிடத்துக்கும் அச்சொல் பொருந்துகின்றது. துறை எண்கள் 0 முதல் 65535 வரை அமைந்துள்ளன. இணையப் பக்கங்களுக்கு 80, 443 ஆகியனவும், விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்குவதற்கு 3389 என்பதும் வழக்கமான எண்களாகும்.

ஒரு துறை திறந்துள்ளதா என அறிய, அதற்கு இணைப்புக் கோரிக்கை அனுப்புகின்றோம். இசைவு வந்தால் அது திறந்துள்ளது. உடனே மறுப்பு வந்தால், பெரும்பாலும் கணினி எட்டும் நிலையில் உள்ளது. ஆயினும் அத்துறையில் எந்தச் செயலியும் காத்திருக்கவில்லை. மறுமொழியே வாராவிடின், இடையிலுள்ள ஃபயர்வால் என்னும் தடுப்புச்சுவர் கோரிக்கையைத் தடுத்திருத்தல் கூடும்.

இச்சோதனையை எங்கிருந்து செய்கின்றோம் என்பதே முதன்மையானது. வீட்டிலும் பள்ளியிலும் உள்ள கருவிகள் பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும் உள்முகவரிகளைப் பெற்றிருக்கும். வெளியுலகம் காண்பது ரவுட்டரின் பொதுமுகவரியை மட்டுமே. ஆகவே, உள்ளிருந்து செய்யும் சோதனை உள்நிலையை மட்டுமே காட்டும். கைத்தொலைபேசியில் வைஃபையை நிறுத்தி, மொபைல் தரவின்வழி நம் பொதுமுகவரியைச் சோதித்தால்தான் வெளியார் காண்பதை நாமும் காண இயலும். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான தொடக்கத்தைக் கொண்டிருப்பின், சேவை வழங்குநர் ஒரு பொதுமுகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கின்றார் என்பது பொருள். அந்நிலையில், ரவுட்டரில் துறையைத் திறந்துவைத்தாலும் வெளிக்கோரிக்கை நம்மை எட்டாது. ஐபி ஆறாம் பதிப்பு முகவரிகளைத் தனியே சோதித்தல் வேண்டும்.

இஃது ஏன் தேவை? 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், டெல்நெட்டுக்குரிய 23ஆம் துறை திறந்திருந்த கண்காணிப்புக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடியது. ஆலையில் இடப்பட்ட கடவுச்சொல்லே மாறாதிருந்தவற்றைக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அத்தகைய கருவிகள் டின் என்னும் பெயர்ச்சேவை நிறுவனத்தைத் தாக்க, டுவிட்டர் முதலிய தளங்கள் பலருக்குப் பல மணிநேரம் எட்டாமற்போயின. நாம் திறந்துவிட்ட துறையால் நாமறியாத பிறரும் துன்புறுவர் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

மாணவர்கள் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். நம் கருவிகளையோ, உரியவர் இசைவளித்த கருவிகளையோ மட்டுமே சோதித்தல் வேண்டும். மலேசியாவின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டமும் சிங்கப்பூரின் கணினி முறைகேட்டுச் சட்டமும் இசைவற்ற அணுகலைக் குற்றமாகக் கருதுகின்றன.

வேண்டாத துறைகளை மூடுவோம். ஆலைக் கடவுச்சொல்லை மாற்றுவோம். பின்னர் வெளியிலிருந்து மீண்டும் ஒருமுறை சோதிப்போம்.