கூரைத் தண்ணீரும் கடைக் கணக்கும்

மயிலாப்பூரில் மெஸ் நடத்துகிறவன் நான். தண்ணீரை லாரிக் கணக்கில்தான் அளப்பேன். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் சுமார் 3 லட்சம் லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் 25 லோடு! அதைச் சாக்கடையில் விட்டுவிட்டு லாரிக்குப் போன் போடுவது என்ன வியாபாரமோ.

எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கியது 2003இல். அதற்கு முன்பே பெசன்ட் நகரில் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னவர் சேகர் ராகவன். அவருடைய ‘ரெயின் சென்டர்’ மந்தைவெளியில் 2002இல் தொடங்கியது.

மழைநீரை நிலத்துக்குள் இறக்க, மண்ணைப் பார்த்துத்தான் குழி எடுக்க வேண்டும். பெசன்ட் நகரின் கடலோர மணல் சட்டென்று குடித்துவிடும்; நிலத்தடியில் நல்ல நீர் நிறைந்தால் உப்புநீரும் உள்ளே ஏறாது. தி.நகரோ 1920களில் ஏரியைத் தூர்த்து எழுப்பிய பேட்டை. களிமண்ணில் சும்மா பள்ளம் தோண்டினால் கொசுதான் வளரும். களியைத் தாண்டி உறைகிணறு இறக்க வேண்டும். ஒன்று மட்டும்: பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீரை அதற்குள் விடவே கூடாது.

கடைக்காரர்களே, ஐப்பசி மழைக்கு முன்னால் குழாயில் அடைத்த சருகை எடுத்து, குழியில் படிந்த சேற்றை வாரிவிடுங்கள்.