பரணில் கிடக்கும் மடிக்கணினிக்கு லினக்ஸ்

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு முதல் கணினியாக வந்தது, தமிழக அரசு மாணவர்களுக்கு இலவசமாகத் தந்த மடிக்கணினிதான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. வட்டில் லினக்ஸ் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

அந்த ஆள் இப்போது கட்டாயம் தேவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 வசதியும் புதிய செயலியும் பழைய கணினிகளில் கிடையாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ 2 ஜி.பி. ரேமிலேயே ஓடும். 4 ஜி.பி. இருந்தால் தாராளம்.

“போட்டோவெல்லாம் அழிஞ்சிடுமா?” என்பதுதான் புதியவரின் முதல் பயம். அதைப் போக்குவது ‘லைவ்’ முறை. லினக்ஸ் ஏற்றிய 8 ஜி.பி. பென் டிரைவைச் செருகி, கணினியை ஆன் செய்தவுடன் எஃப்12 போன்ற விசையை அழுத்த வேண்டும்; எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், லினக்ஸின் கருநிரல் (கெர்னல்) அதிலிருந்து ரேமுக்கு ஏறி, முழு டெஸ்க்டாப்பும் திறக்கும். நாம் செய்யும் மாற்றங்கள் ரேமில் மட்டுமே தங்கும், அணைத்ததும் மறைந்துவிடும். நாமாகப் போய்த் திறக்காதவரை ஹார்டு டிஸ்கில் எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, கேமரா வேலை செய்கின்றனவா என்று இந்த நிலையிலேயே பார்த்துவிடலாம்.

திருப்தியானால் நிறுவலாம். அதற்கு முன் படங்களையும் சான்றிதழ்களையும் வேறொரு டிரைவில் நகலெடுத்தே ஆக வேண்டும். வட்டை முழுதாக அழிக்கும் தேர்வும், விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிறுவும் தேர்வும் ஒரே திரையில்தான் வரும், அவசரப்பட்டால் நஷ்டம்.

நிறுவியதும் முதல் பாடம் கறுப்புத் திரைக் கட்டளைகளாக இருக்க வேண்டியதில்லை. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, அ, ண, ண, ஆ, ம, ல, ஐ என ஏழு விசைகளைத் தட்டச் சொல்லுங்கள். புள்ளியைத் தானே வைத்து ‘அண்ணாமலை’ என்று திரையில் எழுதிக் காட்டும். கணினி தன் பேச்சைக் கேட்கிறது என்ற தைரியம் அங்கே பிறக்கும். கட்டளைகள் பிறகு வரட்டும்.

இப்படிப் பக்கத்தில் இருந்து சொல்லித்தருவதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவின் தன்னார்வலர்கள் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை இலவசமாகக் கற்றுத்தருகிறார்கள். தமிழில் படிக்க, 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ மின்னிதழ் இருக்கிறது.

லினக்ஸ் தெரிந்த கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறுவித்தருவது ஒரு மதிய வேலைதான். அடுத்த ஒரு மாதத்துக்கு, “பிரின்டர் வரலை தம்பி” என்று யாராவது கூப்பிட்டால் போய்ப் பாருங்கள். பாஸ் லினக்ஸுக்குக் கிடைக்காமல் போன துணை அதுதான்.