எரிமலைக்கு ஜுரம் பார்க்கும் சாட்டிலைட்

உடம்பு சுட்டால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். எரிமலையை யார் தொடுவது? காய்ந்த தோசைக்கல்லுக்கு மேலே கையைக் காட்டினால், தொடாமலே அனல் தெரிகிறதல்லவா? சாட்டிலைட்களும் அப்படித்தான் பார்க்கின்றன, சுமார் 700 கி.மீ. உயரத்தில் இருந்து!

நாசா 1999-ல் ஏவிய டெர்ரா, 2002-ல் ஏவிய அக்வா ஆகிய சாட்டிலைட்களில் மோடிஸ் என்ற கருவி உள்ளது. டிஜிட்டல் படத்தைப் பெரிதாக்கினால் சிறு சதுரங்கள் தெரியும். அவைதான் பிக்ஸல்கள். மோடிஸின் வெப்பப் படத்தில் ஒரு பிக்ஸல், தரையில் சுமார் 1 கி.மீ. நீள அகலம். அதன் மூலையில் கொஞ்சம் லாவா இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

சாதாரணத் தரை 12 மைக்ரான் அலைநீளத்தில் அதிக வெப்பக் கதிரை வெளியிடும். 4 மைக்ரானில் மிகக் குறைவு. சுமார் 1000 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் லாவாவோ 4 மைக்ரானில் கொட்டித் தீர்க்கும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் மோட்வோல்க் புரோகிராம், இந்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கிறது. இரவில் விடை -0.8-ஐத் தாண்டினால் அந்த பிக்ஸல் 'சூடு'. புரோகிராம் எழுதும் எனக்கே ஆச்சரியம், இவ்வளவு எளிய கணக்கா என்று!

நீங்களும் பார்க்கலாம். பிரவுசரில் நாசா வேர்ல்ட்வியூ தளத்தைத் திறந்து, 'ஆட் லேயர்ஸ்' கிளிக் செய்து, 'தெர்மல் அனாமலிஸ்' லேயரைச் சேருங்கள். ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே உள்ள அனக் கிரகடோவா தீவை ஜூம் செய்து, தேதியை 2018 ஜூலைக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு நாளாக நகர்த்தினால் சூட்டுப் புள்ளிகள் தெரியும்.

புள்ளி காணாமல் போனதும், மலை ஆறிவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் மேகம் மறைத்திருப்பதைக் கவனித்தேன். புள்ளி இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமல்ல.

புள்ளி இருந்தாலும் எல்லாம் தெரிந்துவிடாது. அந்த மலையின் சூடு 2018-ன் நடுவிலேயே ஏறியதை சாட்டிலைட்கள் பதிவு செய்திருந்தன. டிசம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்து, சுனாமி எழுந்தது. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலை சரியும் என்பதைச் சூட்டுப் புள்ளி சொல்லவில்லை.

தெர்மாமீட்டர் ஜுரம் இருப்பதைத்தான் காட்டும். என்ன நோய் என்று கண்டுபிடிக்க நில அதிர்வு, மலைச்சரிவின் நகர்வு, வெளிவரும் வாயு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.