திருப்பாடல் 88

திருப்பாடல் 88 (சங்கீதம் 88) என்பது விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் உள்ள ஒரு புலம்பல் பாடல் ஆகும். இதில் 18 வசனங்கள் உள்ளன. தலைப்புக் குறிப்பில் எஸ்ராகியரான ஏமானின் பெயர் காணப்படுகிறது.

புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் முறையீட்டில் தொடங்கி நம்பிக்கையிலோ புகழ்ச்சியிலோ முடியும். 13ஆம் திருப்பாடல் இதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் 88ஆம் பாடல் இருளிலேயே முடிகிறது. நண்பர்கள் விலகிவிட்டனர், ஆறுதலும் கிடைக்கவில்லை. தம்மை இந்நிலைக்கு உள்ளாக்கியவர் கடவுளே என்றும் பாடகர் முறையிடுகிறார்.

ஆயினும் இதனை நம்பிக்கையற்றவரின் பாடல் எனக் கூற இயலாது. முதல் வசனத்திலேயே அவர் கடவுளைத் தம் மீட்பர் என அழைக்கிறார். இரவும் பகலும் மன்றாடுவதாக முதல் வசனத்திலும், நாள்தோறும் மன்றாடுவதாக 9ஆம் வசனத்திலும், காலையில் மன்றாடுவதாக 13ஆம் வசனத்திலும் கூறுகிறார். அவருடைய குறை கடவுளைப் பற்றியது. ஆனால் அது கடவுளிடமே சொல்லப்படுகிறது. பேச்சு நின்றுபோகாததால் உறவும் முறியவில்லை.

யோபு நூலிலும் இதே கருத்து உண்டு. கடவுளுக்காக வாதாடிய நண்பர்களை விட, அவரிடம் வெளிப்படையாக முறையிட்ட யோபுவே சரியாகப் பேசியதாக அந்நூலின் 42ஆம் அதிகாரம் கூறுகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவு செபத்தில் இப்பாடல் இடம்பெறுகிறது. துயருறுவோர் இல்லாத மகிழ்ச்சியை வரவழைத்துக்கொண்டுதான் செபிக்க வேண்டும் என்பதில்லை என்பதை இப்பாடல் உணர்த்துகிறது.