பூஞ்சணத்தைப் பற்றி மெக்கானிக் எவ்வளவு பேசலாம்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், அதிலும் ஹூஸ்டன் போன்ற ஈரக்காற்று மிகுந்த நகரங்களில், ஏ.சி. யந்திரத்தின் குளிர்ந்த காயிலில் திரளும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, காற்றுக்குழாயின் உட்புறத்தை நனைக்குமானால், அங்கே தூசியைப் பற்றிக்கொண்டு பூஞ்சணம் வளர்வது இயற்கை. அதை முதலில் காண்பவர் பெரும்பாலும் பழுது பார்க்க வந்த மெக்கானிக்தான். "இது பூஞ்சணமா? குழந்தைகளுக்கு ஆபத்து உண்டா?" என்று வீட்டுக்காரர் கவலையோடு கேட்கும்போது, அவர் எவ்வளவு தூரம் பதில் சொல்லலாம் என்பதற்குச் சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது.

அந்தச் சட்டத்தின் பின்னணி இது: டெக்சாஸின் டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் பூஞ்சணம் பிடித்த வீடொன்றைப் பற்றிய காப்பீட்டு வழக்கில், 2001-ல் ஜூரிகள் 3 கோடியே 20 லட்சம் டாலர் அளிக்கும்படி தீர்ப்புக் கூறினார்கள். மேல் நீதிமன்றம் பிற்பாடு அத்தொகையைப் பெரிதும் குறைத்துவிட்டது என்றாலும், ஜனங்களிடையே எழுந்த பீதி குறையவில்லை. 2003-ல் மாநிலச் சட்டசபை இயற்றிய சட்டத்தின்படி, பூஞ்சணத்தை ஆராய்ந்து அபிப்பிராயம் கூறுவதற்கும், 25 சதுர அடிக்குக் குறையாமல் தொடர்ந்து பரவியிருப்பதை அகற்றுவதற்கும் தனித்தனி லைசென்ஸ் வேண்டும். ஒரே வேலையில் இவ்விரண்டையும் ஒருவரே செய்யலாகாது. நோயை நிர்ணயிப்பவரே மருந்தையும் விற்று லாபம் அடையக்கூடாது என்னும் இந்த நியாயம் எனக்கு முற்றிலும் சரியாகவே படுகிறது. ஃபுளோரிடாவும் நியூயார்க்கும் ஏறத்தாழ இதே வழியில் சென்றிருக்கின்றன. அங்கே எல்லை 10 சதுர அடி.

ஆனால் டெக்சாஸ் சட்டம் மெக்கானிக்கின் வாயைக் கட்டிவிடவில்லை. ஏ.சி.யையும் காற்றுக்குழாயையும் சோதிப்பது, பழுது பார்ப்பது, சுத்தம் செய்வது, வேலையின் நடுவே தற்செயலாகப் பூஞ்சணம் போன்ற ஒன்றைக் கண்டுபிடிப்பது ஆகியவை, பூஞ்சணத்தை ஆராய்வதையோ அகற்றுவதையோ நோக்கமாகக் கொண்டு செய்யப்படாதவரையில், லைசென்ஸுக்கு உட்பட்டவை அல்ல. ஆகவே, எந்த இடத்தில் ஈரம் நிற்கிறது, எதனால் நிற்கிறது, எவ்வளவு இடத்தில் கறுத்திருக்கிறது என்று தாம் பிரத்தியட்சமாகக் கண்டதை அவர் சொல்லலாம், புகைப்படமும் காட்டலாம். அது இன்ன ஜாதிப் பூஞ்சணம் என்று நிர்ணயிப்பதும், காற்றைப் பரீட்சித்துக் கட்டணம் வாங்குவதும் அவருடைய வேலை அல்ல. வீட்டிலுள்ளவரின் இருமலுக்கு அதுவே காரணம் என்று கூறுவதோ வைத்தியர் ஒருவருக்கே உரியது.

இந்த வேற்றுமையை உணராமல், பூஞ்சணம் என்ற சொல்லையே உச்சரிக்க வேண்டாமென்று தொழிலாளரைத் தடுப்பவர்கள், சட்டத்துக்கு அஞ்சி வாடிக்கையாளரை இருட்டில் விட்டுவிடுகிறார்கள். மறுபுறம், கண்ணால் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்வதற்கு விஞ்ஞானமும் இடம் தருவதில்லை. பூஞ்சணமென்று சொல்லப்படுவதைக் காட்டும்படி கேளுங்கள், உறுதி செய்வதற்கு ஆய்வுக்கூடப் பரிசோதனை தேவைப்படலாம் என்றுதான் மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் வீட்டுக்காரர்களுக்கு யோசனை சொல்கிறது. அந்த முடிவு வரும்வரை காத்திராமல், அடைபட்ட வடிகுழாயைச் சீர் செய்து ஈரத்தை நிறுத்துவதற்கு மெக்கானிக்குக்குப் பூஞ்சண லைசென்ஸ் எதுவும் வேண்டியதில்லை.