விண்டோஸுக்குக் குடிவந்த பாஷ்

1995இல் கலிஃபோர்னியாவின் சிக்னஸ் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லைன் என்ற பொறியாளர் ஒன்றைக் கவனித்தார். விண்டோஸ் என்டியும் விண்டோஸ் 95உம் பயன்படுத்தும் நிரல்கோப்பு வடிவம் ‘காஃப்’; யூனிக்ஸ் உலகின் ஜிசிசி கம்பைலருக்கும் அதன் துணைக் கருவிகளுக்கும் அது பழகிய வடிவம்தான். அப்படியென்றால் ஜிசிசியை விண்டோஸுக்குக் கொண்டுபோவது மலையைப் புரட்டும் வேலையல்ல.

வினை வேறு இடத்தில் இருந்தது. கம்பைலரை விண்டோஸிலேயே கட்ட, முதலில் கணினியைச் சோதித்துப் பார்க்கும் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். அது ஓட, யூனிக்ஸ் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் பாஷ் வேண்டும். பாஷுக்கு ‘ஃபோர்க்’ என்ற யூனிக்ஸ் அழைப்பு வேண்டும். விண்டோஸ் நிரலர்களுக்குத் தரும் வின்32 அழைப்புகளிலோ ஃபோர்க் கிடையாது. இந்தத் துரத்தலில் பிறந்ததுதான், யூனிக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓடவைக்கும் சிக்வின்.

யூனிக்ஸில் ஒரு நிரல் ஃபோர்க் செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே அதற்கு ஓர் இரட்டை பிறக்கும். மாறிகளின் மதிப்பு, திறந்திருக்கும் கோப்புகள், நிற்கும் வரி எல்லாம் அச்சு அசல். நினைவகத்தை உடனே படியெடுப்பதும் இல்லை. இரண்டும் ஒரே நினைவகப் பக்கங்களை வைத்துக்கொள்ளும். ஒன்று எழுதப் போகும்போது அந்தப் பக்கம் மட்டும் நகலாகும். அதனால் செலவு குறைவு. ஒரு ஸ்கிரிப்ட் கிரெப், செட் போன்ற சிறு கருவிகளை நூறு தடவை கூப்பிடத் தயங்காது.

விண்டோஸில் புது நிரல் எப்போதும் முதல் வரியிலிருந்துதான் தொடங்கும். ஆகவே சிக்வின் ஒரு நாடகம் போடுகிறது. அதே நிரலை இன்னொரு தடவை கிளப்பி, ஓடவிடாமல் பிடித்து வைத்து, தாய் நிரலின் தரவு, ஹீப், ஸ்டாக் ஆகிய மூன்று நினைவகப் பகுதிகளையும் அதற்குள் கொட்டி, தாய் நின்ற இடத்துக்கே தாவச் சொல்கிறது. கொட்டிய முகவரிகள் பொருந்த வேண்டுமானால் டிஎல்எல்கள் எனும் பகிர்வு நூலகங்கள் இரண்டு நிரல்களிலும் ஒரே இடத்தில் ஏறியாக வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் ஃபோர்க் படுத்துவிடும். அந்த இடங்களை ஒழுங்குபடுத்தவென்றே ‘ரீபேஸ்ஆல்’ என்று ஒரு கருவி உண்டு. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் விண்டோஸில் நத்தையாக ஊர்வதற்கு முக்கியக் காரணம் இந்த நாடகமே. வேடிக்கை என்னவென்றால், என்டியின் கருவுக்கு (கெர்னலுக்கு) நினைவகத்தை அப்படியே இரட்டிக்கும் வித்தை தெரியும். வின்32தான் அதை வெளியே காட்டவில்லை.

மற்றவை சில்லறைத் தொல்லைகள், ஆனால் ஆளைக் கொல்லும். வரி முடிவுக்கு யூனிக்ஸ் ஒரு குறி வைக்கிறது, விண்டோஸ் இரண்டு. டெலிடைப் காலத்து மிச்சம்: அச்சுத்தலையை இடதுகோடிக்குக் கொண்டுபோக ஒன்று, தாளை ஏற்ற ஒன்று. விண்டோஸ் பாணியில் சேமித்த ஸ்கிரிப்டைப் பார்த்து பாஷ் கத்தும். கண்ணுக்கோ பிழை தெரியாது. ‘ஆக்ஸ்’ என்று கோப்புக்குப் பெயர் வைக்க யூனிக்ஸில் தடையில்லை. விண்டோஸில் அது டாஸ் காலம் முதல் ஒரு சாதனத்தின் பெயர்.

2019இல் மைக்ரோசாஃப்ட் வேறு வழியை அறிவித்தது: விண்டோஸுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்டும் டபிள்யுஎஸ்எல் 2இல் மெய்யான லினக்ஸ் கருவே ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுகிறது. அங்கே ஃபோர்க் அசல். ஆனால் கிட் ஃபார் விண்டோஸை நிறுவி அதன் பாஷைத் திறந்தால், உள்ளே ஃபோர்க்காக நடிப்பது இன்றும் சிக்வினின் வழிவந்த எம்சிஸ் 2தான்.