ஒரே பாட்டிக்கு மூன்று பெயர்

போன வருடக் கடைசியில், ஒரே வாரத்தில் எங்கள் கடைக்கு இரண்டு தாள்கள் வந்தன.

முதலாவது ஒரு துண்டுப்பிரசுரம். உயர்தரம் எழுதிய பிள்ளைகள் ஆறே மாதத்தில் ‘என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட்’ ஆகலாம், சர்வதேசச் சான்றிதழ் கிடைக்கும், வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று பளபளப்பான தாளில் அச்சடித்திருந்தார்கள். எந்த நிலையம் என்று இங்கே எழுதப் போவதில்லை. வாப்பா தொலைபேசியில் கட்டணத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். உம்மா உள்ளே போய்த் தன் காப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். “புள்ளைட படிப்புக்குத்தானே” என்றார்.

இரண்டாவது, ஒரு பாட்டி கொண்டு வந்த கடிதம். எங்களுடையது ஹட்டன் நகரில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வருகிறவர்கள், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கடிதம் வந்தால் அதையும் மடித்துக் கொண்டு வருவார்கள். வாப்பா வாசித்துச் சொல்வார். இந்தப் பாட்டி டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். “நானா, இதக் கொஞ்சம் பாருங்களேன். காசு வருதுன்னு போட்டிருக்கா?” என்று கேட்டார்.

காசு வருவதாகப் போட்டிருக்கவில்லை. பெயர் பொருந்தவில்லை, இவர்தான் அவர் என்று உறுதிப்படுத்துங்கள் என்று கேட்டிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் பாட்டியின் பெயர் ‘ஆயி’ என்று முடிகிறது. அடையாள அட்டையில் ‘அம்மா’. தோட்டத்துச் செக்ரோலில் யாரோ ஒருவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய மூன்றாவது பெயர். கடிதம் எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. யாருடைய காசு என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது? ஆனால் பாட்டிக்கு இது விளங்கவில்லை. “நான் ஒருத்திதானே வேல செஞ்சேன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிறேன். அப்படியிருந்தும் துண்டுப்பிரசுரத்தில் இருந்த அந்த நீளமான சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினாறு வருடமாக வேலை செய்யும் என் மாமாவைக் கேட்டேன். பாட்டியின் கதையையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். “நீ கேட்ட கேள்விக்கு அந்தப் பாட்டிட கடிதத்திலேயே பதில் இருக்கு” என்றார் மாமா.

அவர் விளக்கியதையும், அதன் பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன். இப்படியான துண்டுப்பிரசுரங்கள் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம்.

ஒரு வீடு கட்டும்போது மேசன் இருக்கிறார், மின்சார வேலைக்காரர் இருக்கிறார், தண்ணீர்க் குழாய் போடுபவர் இருக்கிறார். எல்லோரும் தத்தம் வேலையில் கெட்டிக்காரர்களாக இருந்தாலும், முழு வீட்டையும் ஒரே வரைபடத்தில் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் குழாய் போக வேண்டிய சுவருக்குள் கம்பி போயிருக்கும். ஒரு பெரிய நிறுவனத்துக்கு அப்படி வரைபடம் போடும் வேலைக்குத்தான் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று பெயர். தமிழில் நிறுவனக் கட்டமைப்பு என்று சொல்லலாம்.

இந்த வரைபடத்தில் பொதுவாக நான்கு அடுக்குகளைச் சொல்கிறார்கள்: வேலை, தரவு, மென்பொருள், இயந்திரம். ஒரு தேயிலைத் தோட்டத்தை வைத்தே பார்க்கலாம். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுப்பது, மலையில் கொழுந்து பறிப்பது, நிறுப்பது, மாதக் கடைசியில் சம்பளம் போடுவது எல்லாம் வேலை அடுக்கு. இன்னாருடைய பெயர், இலக்கம், இத்தனை கிலோ, முழுப் பேரா அரைப் பேரா என்பதெல்லாம் தரவு. (தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. பெயர் என்ற சொல்லே அங்கே சம்பளமாகிவிடுகிறது.) அதைப் பதிந்து சம்பளம் கணக்கிடும் கணினி நிரல் மூன்றாவது அடுக்கு. மின்தராசு, கணினி, இணையத் தொடர்பு, மின்சாரம் எல்லாம் நான்காவது.

துண்டுப்பிரசுரங்கள் மூன்றாவது, நான்காவது அடுக்குகளைத்தான் படமாகப் போடுகின்றன. பாட்டியின் காசு நின்றுபோனது இரண்டாவது அடுக்கில். எவ்வளவு விலையுயர்ந்த கணினி வாங்கி வைத்திருந்தாலும் அந்தப் பிழை அங்கேயேதான் இருந்திருக்கும்.

தோட்டத்துக்கு வெளியேயும் இந்தக் கோடு நீளுகிறது. ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், தொழில் கொடுப்பவர் 12 சதவீதம் என்று மாதாமாதம் சேர்கிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைக் கேட்டுப் பெறலாம். நிர்வாகம் தொழில் திணைக்களத்திடம், கணக்கும் பணமும் மத்திய வங்கியிடம். பிறப்பைப் பதிவது ஒரு திணைக்களம், அடையாள அட்டை கொடுப்பது இன்னொன்று. ஐந்து இடங்களில் ஒரே மனுஷி. ஐந்து இடத்திலும் அவர் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும் என்பதை யாராவது முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும் அல்லவா? அந்த யோசனைதான் இந்தத் தொழில்.

நமக்கு நன்றாகத் தெரிந்த இன்னோர் உதாரணம் அடையாள அட்டை இலக்கம். முன்பு அது ஒன்பது எண்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். 2016இலிருந்து பன்னிரண்டு எண்கள். பிறந்த வருடம் முழுதாக நான்கு எண்ணில் வருகிறது, அடுத்த மூன்று எண் வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களாகிய நமக்கு அந்த நாளோடு 500 கூட்டுவார்கள். உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள், தெரியும். சாதாரண மாற்றம்தானே என்று தோன்றும். ஆனால் பத்து இடம் மட்டும் விட்டு எழுதப்பட்ட மென்பொருள் ஒவ்வொன்றையும் திருத்தியாக வேண்டும். வங்கி, வைத்தியசாலை, பாடசாலை, தொலைபேசி நிறுவனம் என்று இந்த இலக்கம் எங்கெல்லாம் போகிறது, பழைய இலக்கத்தையும் புதியதையும் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டுப் பட்டியல் போடத் தெரிந்தவர் இருந்த இடத்தில் வேலை இலகு. இல்லாத இடத்தில் படிவம் திரும்பி வரும்.

நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. நூற்று முப்பத்தேழு வருடமாக நேரில் கூடி, வாயால் விலை கேட்டு நடந்த ஏலம், கொரோனா ஊரடங்கு வந்தபோது 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறியது. நம் மலையின் தேயிலை தேங்கிக் கிடக்கவில்லை. எந்தத் தொகுதி, எந்தத் தொழிற்சாலை, பி.ஓ.பி.யா டஸ்ட்டா, எத்தனை கிலோ என்று எல்லோரும் ஒரே மாதிரிப் பட்டியல் எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருந்ததால்தான் இது முடிந்தது என்பது என் எண்ணம். இரண்டாவது அடுக்கு சரியாக இருந்தது, மற்றவற்றை மாற்றினார்கள்.

அரச மட்டத்திலும் முயற்சி இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், திணைக்களங்களுக்கிடையே தரவு ஒத்துப்போவதற்காக ‘லைஃப்’ என்ற பொது வரையறையைத் தயாரித்தது.

இனிச் சான்றிதழுக்கு வருவோம். இந்தத் துறைக்கு வழி திறந்தவர் என்று ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஜோன் ஸக்மனைச் சொல்கிறார்கள். 1987இல் அவர் எழுதிய கட்டுரை, கட்டடக் கலைஞரின் வரைபடங்களை உதாரணமாக எடுத்து, என்ன, எப்படி, எங்கே என்ற கேள்விகளை வைத்தது. பின்னர் யார், எப்போது, ஏன் என்பவையும் சேர்ந்தன. 1995இல் தி ஓப்பன் குரூப் என்ற அமைப்பு, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஒரு முறையை அடியாகக் கொண்டு ‘டோகாஃப்’ என்ற நெறிமுறையை வெளியிட்டது. அதன் பத்தாவது பதிப்பு 2022இல் வந்தது. துண்டுப்பிரசுரங்கள் சொல்லும் ‘சர்வதேசச் சான்றிதழ்’ பெரும்பாலும் இதுதான்.

அதில் இரண்டு பரீட்சைகள். முதலாவது அடிப்படைப் பரீட்சை: 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம், சித்திக்கு 24 சரியாக இருக்க வேண்டும். இதை எழுத எந்த முன்தகைமையும் கேட்பதில்லை. நானும் எழுதலாம். சொற்களையும் படிமுறைகளையும் மனனம் செய்தால் சித்தியும் அடையலாம். இந்த ஓட்டையைத்தான் சில விளம்பரங்கள் பிடித்துக்கொள்கின்றன. பரீட்சைக் கட்டணமே சில நூறு டொலர், அதற்கு மேல் வகுப்புக் கட்டணம்.

இரண்டாவது வேறு மாதிரி. எட்டே எட்டு வினாக்கள், தொண்ணூறு நிமிடம், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். ஒவ்வொரு வினாவும் ஒரு நிறுவனத்தின் கதை. நான்கு விடைகளில் ஒன்று மிகச் சரி, ஒன்று ஓரளவு சரி, ஒன்று கொஞ்சம், ஒன்று பிழை, அதற்கேற்பப் புள்ளி. புத்தகம் கையில் இருந்தும் ஏன் கஷ்டம் என்று மாமாவைக் கேட்டேன். “ஒரு ஒஃபிஸ்ல ரெண்டு டிப்பார்ட்மென்ட் சண்டை பிடிக்கிறத நீ பார்த்திருக்கணும், அப்பதான் எந்த விடை நடக்கும், எது கடதாசியில மட்டும் நல்லா இருக்கும்னு தெரியும்” என்றார். அவர் இந்தப் பரீட்சைக்குத் தயாரானதே வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருடத்துக்குப் பிறகுதான்.

அதே ஓப்பன் குரூப்பிடம் இன்னொரு சான்றிதழும் உண்டு, இதைப் பற்றி எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் நான் காணவில்லை. ‘ஓப்பன் சேர்ட்டிஃபைட் ஆர்க்கிடெக்ட்’ என்று பெயர். வகுப்பும் கிடையாது, எழுத்துப் பரீட்சையும் கிடையாது. விண்ணப்பதாரர் தான் செய்த வேலைகளை விவரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அதே தொழிலில் உள்ளவர்கள் உட்கார்ந்து நேர்முகமாகக் கேட்பார்கள். பதினெட்டு வயதில் அங்கே போய் நான் எதைச் சொல்வது? வாப்பாவின் கடன் கொப்பியை ஒழுங்குபடுத்தியதையா?

அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் எங்கிருந்து தொடங்குவது? உயர்தரப் பாடத்தில் நாம் ‘புள்ளிக்காகப் படிக்கும்’ தரவுத்தளமும் தரவுப் பாய்ச்சல் வரைபடமும்தான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதற்கு மேல், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்தும், 2000ஆம் ஆண்டு தொடங்கிய பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. மூன்று வருடப் படிப்பு. முதல் வருடத்தோடு டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு உயர் டிப்ளோமா என்று நிறுத்திக்கொள்ளவும் வழி உண்டு. ஹட்டனில், வீட்டில் இருந்தபடியே படிக்கலாம் என்பது பெற்றோருக்கு முக்கியமான செய்தி. பிள்ளைகளுக்கு முக்கியமான செய்தி வேறு: மொழிமூலம் ஆங்கிலம். நாம் தமிழில் படித்து வந்தவர்கள். அந்தச் சுவரை ஆறு மாத வகுப்பு எதுவும் இடித்துத் தராது. தொழில்சார் வழியை விரும்புகிறவர்களுக்கு என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்களில் இருக்கிறது. தனியார் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் பணம் கட்டுமுன், அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். டோகாஃப் வகுப்பு என்றால் ஓப்பன் குரூப்பின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். வெறுமனே ஆசைக்கு வாசிக்க வேண்டுமென்றால் அதன் நூலை அவர்களின் தளத்திலேயே பணமில்லாமல் வாசிக்கலாம். நான் இருபது பக்கம் வாசித்தேன். பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியில், ஒவ்வொரு கட்டமும் ‘யாருக்கு இதனால் என்ன கவலை’ என்ற கேள்வியைச் சுற்றி வருவது பிடித்திருந்தது.

உம்மாவின் காப்பு மறுபடி கைக்குப் போய்விட்டது. வாப்பா துண்டுப்பிரசுரத்தின் வெறுமையான பின்பக்கத்தை எனக்குத் தந்தார். அதில் பாட்டியின் பெயர் போன வழியை வட்டமும் அம்புக்குறியுமாக வரைந்து பார்த்தேன். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, செக்ரோல், நிதிக் கணக்கு, கடைசியில் கோரிக்கைப் படிவம். எல்லா அம்புகளும் முன்னே போகின்றன. பாட்டியை நோக்கித் திரும்பும் அம்பு ஒன்றுகூட இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் விழுந்த பிழை, வேலையை விட்ட பிறகுதான் அவருக்குத் தெரியவந்திருக்கிறது.

வாப்பா அவரைச் சமாதான நீதவானிடம் கூட்டிப் போய்ச் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தார். தோட்டத்துப் பெரிய கிளாக்கரும் ஒரு கடிதம் தந்தார். நோன்பு தொடங்குவதற்கு இரண்டு நாளைக்கு முன் பாட்டி கடைக்கு வந்து, காசு வங்கிக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். பேத்தி இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாளாம். அவளுடைய அடையாள அட்டை விண்ணப்பத்தையும் பிறப்புச் சான்றிதழையும் என்னிடம் நீட்டினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து நிரப்பிக் கொடுத்தேன்.